தூக்கும் முறை

"கழுத்தை விடுங்கப்பா! மூச்சு முட்டுது!"

மகன் கத்தினான். அப்பா விடவில்லை. இரண்டு கைகளையும் மகனின் பிடரியில் கோத்துக்கொண்டு உடும்புப் பிடியாகத் தொங்கினார். ஜன்னல் வழியாகப் பார்க்கிற எவனும் சொத்துத் தகராறு என்றுதான் சொல்லுவான்.

தகராறெல்லாம் ஒன்றுமில்லை. அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிற வேலை. குளியலறையில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்ததிலிருந்து காலையும் மாலையும் இதேதான். உட்கார வைத்த பிறகும் மனிதர் கையை எடுக்க மாட்டார். மகன்தான் விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

எலும்பு எப்போதோ கூடிவிட்டது. "நடக்கலாமே" என்றார் எலும்பு டாக்டர். "கால்ல உசிரே இல்ல சார்" என்று இவர் அழாத குறையாகச் சொல்லிவிட்டார். முடியாது என்கிறவரை அடித்தா நடக்க வைக்க முடியும்?

வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மகன் பஸ் டிரைவர். "சாப்டீங்களா", "டூட்டிக்குக் கிளம்பறேன்" என்பதற்கு மேல் பேச்சு வராத ஆள். நாளெல்லாம் சீட்டில் குலுங்குகிற இடுப்பு, அதன் மேல் அப்பாவின் பாரம். போன மாதம் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுரீரென்று ஒரு வலி இறங்கியது. ஆபரேஷன் இல்லாமலே சரி பண்ணிவிடலாம், ஆனால் பாரம் தூக்குவதை நிறுத்த வேண்டும் என்றார் பிசியோதெரபி அம்மா.

"அப்போ எங்கப்பாவை யார் மேடம் தூக்குவா?"

 அதற்கு அவனுடைய அக்கா ஒரு பதில் வைத்திருந்தாள்: முதியோர் இல்லம். அக்கா அந்தப் பேச்சை எடுத்தாலே அவன் போனை வைத்துவிடுவான். மகனுக்கு முதுகு வலி என்று தெரிந்தால் அப்பாவே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார். அதனால் வலியைப் பற்றி வீட்டில் அவன் மூச்சு விடவில்லை.

வேறு வழியில்லாமல் அந்த அம்மா ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். பெரியவரைப் பார்க்க வந்த மாதிரி பாவனை செய்து, மகனுக்குத் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்.

"முட்டியை மடக்குங்க, முதுகை வளைக்காதீங்க. தள்ளி நின்னு தூக்கினா அத்தனை பாரமும் இடுப்புல இறங்கிடும். அவரை நெஞ்சோட சேர்த்து இறுக்கிப் பிடிங்க. திரும்பணும்னா பாதத்தை எடுத்து வெச்சுத் திரும்புங்க. இடுப்பை மட்டும் முறுக்கவே கூடாது."

"இறுக்கிப் பிடிக்கணுமாம்டா. நல்லா கேட்டுக்கோ" என்றார் அப்பா.

கிளம்பும்போது அந்த அம்மா பெரியவரின் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். "இத்தனை மாசம் அசையாம இருந்தா கால் குச்சியா ஆகியிருக்கணுமே. இது கல்லாட்டம் இருக்கு!"

"காலம் பூரா தபால் சைக்கிள் மிதிச்ச கால்மா. லேசுல கரையுமா?" என்று அப்பா சிரித்தார். மகனும் பெருமையாகச் சிரித்தான்.

அன்றிலிருந்து சொன்னபடிதான் தூக்கி வந்தான். இன்று பாதித் தூக்கலில், சமையலறையில் வைத்திருந்த போன் அலறியது. டிப்போவாகத்தான் இருக்கும். அப்பாவை நெஞ்சில் தாங்கியபடியே அந்தப் பக்கம் இடுப்பை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டான்.

"ஐயோ, அம்மா!"

அப்பா எப்படியோ நாற்காலியில் விழுந்தார். மகன் தரையில் விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், இடுப்பு அவன் பேச்சைக் கேட்கவில்லை. புரண்டால் உயிர் போனது. இருமினாலும் உயிர் போனது.

போன் அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டில் பூட்டு. நடக்க முடியாத அப்பாவும் எழ முடியாத மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. கால் வழுக்கிடுச்சு."

"பொய் சொல்லாதே. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு."

அதற்கு மேல் மறைக்க அவனுக்குத் தெம்பில்லை. "முதுகுப்பா. ரொம்ப நாளாவே வலி. உங்ககிட்ட சொல்லல."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இனி பஸ்ஸும் ஓட்ட முடியாது, அப்பாவையும் தூக்க முடியாது. அக்கா சொன்ன இடத்தில் ஒரு கட்டிலில் கிடந்து அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். கையாலாகாதவனாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

நாற்காலி கிறீச்சிட்டது. வெறும் பாதங்களின் சத்தம் சமையலறைப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அவன் முழங்காலுக்கு அடியில் யாரோ ஒரு தலையணையைச் செருகினார்கள்.

கண்ணைத் திறந்தான். போனும் கையுமாக அப்பா நின்றுகொண்டிருந்தார். சுவரைக்கூடப் பிடிக்கவில்லை.

"அந்த தெரபி அம்மா நம்பர் இதுல எங்கடா இருக்கு?"

"அப்பா... நீங்க நடக்கறீங்களா? எப்போலேர்ந்து?"

"எலும்பு கூடினதுலேர்ந்து. நீ டூட்டிக்குப் போனதும் வீட்டுக்குள்ளயே நடப்பேன்."

"அப்புறம் எதுக்குப்பா என்னைத் தூக்க விட்டீங்க?" ஆத்திரத்தில் கத்திவிட்டான். கத்தியதில் இடுப்பு இன்னொரு தரம் வெட்டியது.

 அப்பா மெல்ல முட்டியை மடக்கி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவன் தலையைத் தடவிக்கொடுக்கக் கையை நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"தூக்கும்போது மட்டும்தானேடா நீ என்னைக் கட்டிப் பிடிக்கிறே."