விவரங்களைச் சரிபார்க்கவும்

கைபேசியில் மணி போய்க்கொண்டே இருந்தது.

எடுக்காவிட்டால் நல்லது என்றிருந்தது அவளுக்கு.

வகுப்பு முடிந்து இதழியல் துறை மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் எழுதிய தாள்.

உயிரோடு இருக்கும் ஒருவருக்கு இரங்கல் செய்தி எழுத வேண்டும். அதுதான் இந்த வாரப் பயிற்சி. பெரிய மனிதர்களுக்குப் பத்திரிகைகளில் முன்கூட்டியே எழுதி வைப்பார்களாம். மற்றவர்கள் நடிகர்களையும் அமைச்சர்களையும் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் அப்பாவை எடுத்துக்கொண்டாள்.

அவர் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம். நான்கு பத்தி மளமளவென்று வந்தது.

பேராசிரியை வாசித்தார். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி மட்டும்: 'விவரங்களைச் சரிபார்க்கவும்.'

அம்மாவின் கைபேசியில் 'சிவகாசி' என்று பதிந்திருந்த எண்ணைத்தான் இப்போது அழைத்திருந்தாள்.

"யாரு பேசுதது?"

வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தின் இரைச்சலுக்கு மேலே அப்பா கத்தினார்.

"நான் செண்பகா."

இரைச்சல் மெல்லப் பின்னால் போய்த் தேய்ந்தது. வெளியே நடந்து வந்துவிட்டார் போல.

"காலேஜுக்கு ஒண்ணு எழுதணும். உங்க பிறந்த தேதி வேணும்."

எதற்கு என்று கேட்காமல் சொன்னார். பிறந்த ஊரைச் சொன்னார். படிப்பைக் கேட்டாள்.

"எட்டாங்கிளாசு. பாஸுன்னு போட்டுராத. பெயிலு. உள்ளத எழுது."

பத்தாம் வகுப்பு என்றிருந்ததை அடித்துவிட்டு எழுதினாள்.

"பத்திரிகைப் படிப்புக்குத்தான கேக்க? ரெண்டாவது வருசம்லா இது?"

பேனா நின்றது.

மூன்றாவது பத்தியின் கடைசி வாக்கியம். 'மகள் என்ன படிக்கிறாள் என்பதுகூட அவருக்குத் தெரியாது.' எழுதும்போது அவளுக்கு மிகவும் பிடித்திருந்த வாக்கியம்.

"யாரு சொன்னா?"

"உங்கம்மாகிட்ட மாசாமாசம் கேட்டுக்கிடுவேன். உன்கிட்ட கேக்கத்தான் தைரியம் வரல."

கோபம் போய்விடவில்லை. அது அங்கேயேதான் இருந்தது.

ஆனாலும் அந்த வாக்கியத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். ஒரே கோடு, நேராக.

"வேற எதுவும் கேக்கணுமா தாயி?"

தாளுக்கு வேண்டியதையெல்லாம் கேட்டாகிவிட்டது.

கீழே பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று தோழிகள் கையசைத்துக் கூப்பிட்டார்கள். போங்கள் என்று சைகை காட்டினாள்.

"நெறைய இருக்கு," என்றாள்.