அப்பா பூதம் எங்கே?

டமால்!

புத்தகம் வந்து விழுந்த வேகத்தில், சாப்பாட்டு மேசையில் மாமனார் உரித்து வைத்திருந்த பட்டாணியில் பாதி தரையில் உருண்டது.

"யாரு இந்த ஆறு கைப் பூதம்? சொல்லு!" என்றாள் மாமியார்.

"பூதம்தான் அத்தை," என்றாள் மருமகள். "குழந்தைங்க புத்தகம். 'நல்ல பூதக் குடும்பம்'னு அட்டையிலேயே போட்டிருக்கே."

அவள் படம் வரைந்து வெளிவந்திருக்கும் முதல் புத்தகம். கூரியர் உறையைக்கூட இன்னும் யாரும் குப்பையில் போடவில்லை. சந்தோஷத்தில் வீட்டில் எல்லோருக்கும் காட்டியது அவள் செய்த தவறு.

"ஒரு கையில சாவிக்கொத்து. ஒரு கையில பிஸ்கட் டப்பாவுக்குப் பூட்டு. மிச்சம் நாலு கையும் நாலு பேரைக் குத்தம் சொல்லி நீட்டிக்கிட்டிருக்கு. இது நான் இல்லையா?"

"சேச்சே, பார்க்கிறவங்க யாருக்கும் அப்படித் தோணாதும்மா," என்றான் கணவன், அம்மாவின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்க்காமல்.

"நீ பேசாதே. உன்னையும்தான் போட்டிருக்கு, பாரு!"

பார்த்தான். காதுகளுக்கு மூடி வைத்த பூதம். வலப்பக்கம் அம்மா பேசினால் வலது காது மூடிக்கொள்ளும். இடப்பக்கம் மனைவி பேசினால் இடது காது மூடிக்கொள்ளும். இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் பூதம் ஆபீசுக்குக் கிளம்பிவிடும்.

"ஞாயிற்றுக்கிழமைகூடவாம்," என்று அவனே வாசித்தான்.

நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்படியே நீதான்டா தம்பி!" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டியவள், சிரிப்பை அப்படியே விழுங்கினாள்.

'ரெண்டே நாள் இருந்துட்டுப் போறேன்' என்று பெட்டியோடு வந்து இறங்குகிறது அக்கா பூதம். அடுத்த பக்கத்தில் அந்தப் பெட்டியில் சிலந்தி வலை. அதற்கு அடுத்த பக்கத்தில் சிலந்திக்குப் பேரன் பேத்திகள்.

"நான் போன மாசம்தானே வந்தேன்?"

"எந்த வருஷத்துப் போன மாசம் அண்ணி?" என்றாள் மருமகள்.

இது இரண்டாவது தவறு.

குடும்ப நீதிமன்றம் உடனே கூடியது. புகார், விசாரணை, தீர்ப்பு மூன்றும் மாமியாரே. சாட்சி சொல்லும் சிரமத்தைக்கூட அவள் யாருக்கும் வைக்கவில்லை.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றவளுக்குப் படம் என்ன, பெயிண்ட் என்ன? இனிமே வரைய மாட்டேன்னு பதிப்பகத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடு. டேய், அந்த வரையற மேசையைத் தூக்கி மொட்டைமாடியில போடு. மழையில ஊறட்டும்."

ஜன்னலோரம் இருந்த அந்த மேசை, பிறந்த வீட்டிலிருந்து அவள் அடம்பிடித்துக் கொண்டுவந்த ஒரே பொருள். அதுவரை வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்தவளின் குரல் உடைந்தது.

"அத்தை, கதை என்னோடது இல்ல! படம் மட்டும்தான் நான். ஆறு கை, காதுக்கு மூடி, சிலந்தி எல்லாம் எழுதிக் கொடுத்தபடி வரைஞ்சேன். புனைபெயர்ல யாரோ எழுதறாராம், நான் பார்த்ததுகூட இல்ல. இந்தப் பொண்ணுதான் படம் போடணும்னு பிடிவாதமா நின்னாராம். எனக்குக் கிடைச்ச முதல் வேலை அத்தை. மேசையை மட்டும் விட்டுடுங்க."

"ஊரு பேரு தெரியாத ஆளுக்கு என் பெட்டியில சிலந்தி இருக்கிறது எப்படித் தெரியுமாம்?" என்று மடக்கினாள் நாத்தனார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளைக்குக்கூட இவ்வளவு நேர்மை இருந்திருக்காது. பிறகு அவளே யோசித்தாள். "ஆமா, எல்லாரும் இருக்கோம், அப்பா பூதம் மட்டும் எங்கே? ஒரு பக்கத்துலயும் காணோமே?"

"அவரை வெச்சு என்னத்தை எழுதறது?" என்றாள் மாமியார். "வாயில்லாப் பூச்சி. வெச்ச இடத்துல உட்கார்ந்திருப்பாரு. வரையற மைக்குத்தான் தண்டம். என்னங்க, கீழ விழுந்த பட்டாணியைப் பொறுக்குங்க."

மாமனார் குனிந்து பொறுக்கினார்.

கணவன், வலது காதைத் திறந்து வைத்து இடது காதை மூடிக்கொண்டு, மேசையின் ஒரு முனையைத் தூக்கினான். தூரிகைகள் சரிந்து விழுந்தன. மருமகள் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

ஜெயித்த தெம்பில் மாமியார் மிச்சமிருந்த பக்கங்களையும் புரட்டினாள். கடைசிப் படத்தில் அவள் முகம் வெளுத்தது.

பீரோ மேல் ஆறு கைப் பூதம். கீழே, தரையில், ஒரே ஒரு கரப்பான்பூச்சி. இருக்கும் இரண்டு கண்ணை ஆறு கையாலும் பொத்திக்கொண்டு பூதம் ஓவென்று அழுகிறது.

"இது... இது எப்படி வெளியில போச்சு?"

கணவன் மேசையைத் தொப்பென்று விட்டான். "நிஜமாவே பீரோ மேல ஏறினியா? புலி வந்தாக்கூட பயப்பட மாட்டேன்னு சொல்லித்தானேம்மா எங்களை வளர்த்தே!"

"கல்யாணமான புதுசுலடா! நீங்க ரெண்டு பேரும் அப்போ பொறக்கவே இல்ல. அன்னிக்கு வீட்டுல என்னை விட்டா வேற..."

பேச்சு பாதியில் நின்றது. எல்லாத் தலைகளும் மெல்லச் சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பின.

மாமனார் கடைசிப் பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"டேய், மருமகளோட மேசை அங்கேயே இருக்கட்டும். ரெண்டாம் பாகம் எழுதி முடிச்சிட்டேன், அதுல அப்பா பூதமும் வருது."