சருகு கண் திறக்கிறது

தபீதாள் டீச்சரின் வலது கால் அந்தரத்தில் நிற்கிறது. அறுபத்தொன்பதாம் ஆண்டுச் சித்திரை வெயில் நன்மங்கலம் காட்டின் காரைப் புதர்களுக்குள் பொட்டுப் பொட்டாய் இறங்குகிறது. ஆடு மேய்க்கும் கன்னியம்மா ஓடிவந்து அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கிறாள். “கால வெக்காத டீச்சரம்மா! கீழ பக்கிக் குருவி அடைகாத்துகினு கீது.” டீச்சர் குனிந்து பார்க்கிறாள். காய்ந்த சருகுகளும் செம்மண்ணும்தான் தெரிகின்றன. கன்னியம்மாவின் விரல் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது சருகு ஒன்று கண்ணைத் திறக்கிறது. பிறகு அலகு, சிறகு, நெஞ்சுக்கடியில் இளஞ்சிவப்பாய் ஒரு முட்டை என ஒவ்வொன்றாய்ப் புலப்படுகின்றன. தூரத்துக் கல்குவாரியில் வெடி அதிர்கிறது. ஆடுகள் மிரண்டு சிதறுகின்றன. குருவி ஓர் இறகைக்கூட அசைக்கவில்லை. டீச்சர் காலை மெல்லப் பின்னால் ஊன்றுகிறாள். “இருபது வருஷமா ஸ்கூல்ல இதைப் போர்டுல வரைஞ்சு பாடம் நடத்தறேன், கன்னியம்மா. இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்.”

“பத்து நாளா ஆட்ட அந்தாண்ட சுத்தி ஓட்டிகினு போறேன். நீ மெதுவா பேசு” என்கிறாள் கன்னியம்மா. டீச்சர் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சரசரக்கும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முள்ளென்றும் பாராமல், ஆடுகள் போகும் சுற்றுவழியிலேயே நடக்கத் தொடங்குகிறாள்.