கடைசிச் சடுகுடு

சடுகுடு ஆட்டம் சூடு பிடித்திருந்தது. பாடிப் போனவனை நடுக்கோட்டுக்கு அருகே நாலு பேர் மடக்கிவிட்டார்கள். பாட்டு நின்றால் அவன் அவுட்!

"அண்ணே, காத்து தீரப்போகுது!" என்று அவனுக்குள்ளே அலறியது வயிற்றுத் தசை.

மேலே இருந்த உதரவிதானம் கைவிரித்தது. "உள்ளே இழுக்கிறதுதான்டா என் வேலை. நான் தளர்ந்தா காத்து தானா வெளியே போகும். மிச்சத்தை நீதான் அமுக்கித் தள்ளணும்!"

எப்போதும் சும்மா கிடக்கும் வயிற்றுத் தசைக்கு ஒரே குஷி. இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கியது. நுரையீரலில் தங்கியிருந்த காற்று 'சடுகுடு சடுகுடு' என்று வெளியே பாய்ந்தது. விரல் கோட்டைத் தொட்டது!

"ஜெயிச்சிட்டோம்ணே!" என்று துள்ளியது வயிற்றுத் தசை.

ஓடிவந்த நண்பர்கள் அவன் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார்கள்.

"அட, இதுல என்னப்பா இருக்கு!" என்று வெட்கப்பட்டது முதுகு.