உள்ளே மடித்த நூல்

"துணி தைக்கிறீங்களா, இல்ல கோட்டைக்கு மதில் கட்டுறீங்களா?"

சூப்பர்வைசர் கேட்டதும் தையல் கம்பெனியில் அந்த வரிசையே சிரித்தது. வாயைத் திறந்தால் 'சீக்கிரம், சீக்கிரம்' என்பதால் அவருக்குச் சீக்கிரம் சார் என்று பெயர். தினமும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவளுக்கு ஆமை அக்கா என்று பெயர். வைத்தது யாரோ, இரண்டு பெயரும் கச்சிதம்.

தைப்பது, சின்னப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும்போது போடும் உடுப்பு. ரப்பர் மாதிரி இழுபடும் துணி. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் நூலைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால்தான் துணி இழுபடும்போது தையலும் கூடவே இழுபடும். இறுக்கினால் படக்கென்று அறுந்துவிடும். இது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஆமை அக்கா அதற்கு மேலும் ஒரு வேலை செய்வாள். கால்கள் சேருமிடத்தில் தையல் முடிந்ததும், மற்றவர்கள் தொங்கும் நூல் வாலை நறுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அவள் அந்த வாலைத் திருப்பித் தையலுக்குள்ளேயே மடித்து, அதன்மேல் இன்னொரு ஓட்டு ஓட்டுவாள். நேரம் போவது அங்கேதான்.

"அதை வெட்டிட்டுப் போனா என்னம்மா? உள்ள திருப்பி யாரு பார்க்கப்போறா?"

"வெட்டினா அங்கேருந்துதான் சார் பிரியும். ஒரு குழந்தை நாலு பேர் முன்னாடி காலை விரிச்சு நிக்கும்போது தையல் விட்டுச்சுன்னா, நாம ஓடிப்போய்த் தைச்சுக் குடுக்க முடியுமா?"

சீக்கிரம் சாருக்கு இந்த நியாயமெல்லாம் வேண்டாம். லாரி வரப்போகிறது. சாயங்காலத்துக்குள் மற்றவர்கள் அளவுக்குத் தைத்துக் காட்டாவிட்டால் நாளையிலிருந்து நூல் வெட்டும் மேசைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே கூலி குறைவு. அதைவிட, போராடி வாங்கிய மெஷின் கையைவிட்டுப் போய்விடும்.

பக்கத்து மெஷின்காரிக்கே பொறுக்கவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் வெட்டி விட்டுடுங்கக்கா. பொழப்பைப் பாருங்க" என்றாள்.

மெஷின் போய்விடுமே என்ற பயம் ஆமை அக்காவுக்கும் இருந்தது. ஆனாலும் மனசு இடம் கொடுக்கவில்லை. டீக்கு எழுந்திருக்கவில்லை, தலையை நிமிர்த்தவில்லை. மெஷின் பறந்தது. ஒரு வாலும் வெளியே நிற்காமல் எல்லாம் உள்ளே போனது. அப்படியும் மற்றவர்களைவிடக் குறைச்சல்தான்.

"நாளைக்குக் கத்திரிக்கோலைப் பிடிங்க" என்றார் சீக்கிரம் சார்.

அவள் மெஷினைத் துடைத்துவிட்டுக் கிளம்பினாள். வாசல்வரை போன பிறகுதான் சாப்பாட்டு டப்பாவை மறந்தது நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே சீக்கிரம் சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு உடுப்பாக எடுத்து உள்பக்கத்தைத் திருப்புவதும், கால் சேருமிடத்தைக் கட்டைவிரலால் தடவுவதும், ஒதுக்கிப் போடுவதுமாக இருந்தார்.

அவளுக்குப் பகீரென்றது. மெஷினைப் பிடுங்கியது போதாமல் ஆளையே வெளியே அனுப்பக் காரணம் தேடுகிறாரா?

"என் தையல்ல குத்தம் பார்க்கறீங்களா சார்?"

அவர் திருட்டு முழி முழித்தார். பக்கத்தில் ஒதுக்கியிருந்த குவியலில் எல்லாமே வால் நறுக்கிய உடுப்புகள்.

"நாளைக்கு என் பொண்ணுக்குப் போட்டிம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "ஆபீஸ்ல சொல்லிட்டேன், ஒண்ணு எடுத்துக்கப் போறேன். நீங்க தைச்சது எந்தப் பெட்டியில இருக்கு?"

ஆமை அக்கா ஓரத்துப் பெட்டியைத் திறந்தாள். ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பார்த்து, மடித்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் கேட்டாள்.

"நாளைக்கு நான் எங்க சார் உக்காரணும்?"