சாயத்தண்ணீருக்கு ஒரு பிள்ளையார்

திருப்பூருக்குக் கிழக்கே, மட்டை உதிர்ந்து மொட்டையாய் நிற்கும் தென்னைகளுக்கு நடுவே, நிலத்தடி நீர்ப் பொறியாளர் தமிழ்மதி சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போடுகிறாள். நாளை இங்கேதான் ஆழ்குழாய்ப் போர் போடப்போகிறார்கள். சாயப்பட்டறைகள் விட்ட கழிவு மண்ணுக்கடியில் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஊர்க் கிணறுகளைத் தொடும் முன்பே அதை இந்தக் குழாய் உறிஞ்சி மேலே எடுக்க வேண்டும். வெயில் சாய்ந்துவிட்டது. உப்புப் பூத்த வரப்பு அந்த வெளிச்சத்தில் கோலமாவு கொட்டியதுபோல் கிடக்கிறது. அந்தத் தென்னங்காட்டுக்குச் சொந்தக்காரி தெய்வாத்தாள், போர் போடும் இடத்தில் எல்லோரும் செய்வதுபோல, வட்டத்துக்குள் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து அருகம்புல் செருகுகிறாள். சூடம் காற்றில் படபடக்கிறது. கண்ணை மூடிக் கும்பிடுகிறாள்.

“நல்ல தண்ணியாக் குடு சாமி.”

தமிழ்மதியின் கை சுண்ணாம்போடு அப்படியே நிற்கிறது. “அம்மா, இங்க நல்ல தண்ணி வந்துச்சுன்னா நாம எடத்தத் தப்பாப் பாத்துட்டோம்னு அர்த்தமுங்க. கெட்ட தண்ணி வேற பக்கமா அந்த ஊருக்குப் போயிருமுங்க.”

தெய்வாத்தாள் கண்ணைத் திறக்கிறாள். அந்த ஊரில்தான் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறாள். அங்கே யாரோ மோட்டார் போட்ட சத்தம் மெல்லக் கேட்கிறது. சூடம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடியும் கும்பிடுகிறாள். இந்தமுறை கண்ணை மூடவில்லை.

“அத்தனையும் எங்க காட்டுலயே நிறுத்திப்போடு சாமி.”