அஞ்சுக்கு எத்தனை மார்க்

"அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்கம்மா?" வாசலில் நிற்கும் கருத்துக்கணிப்புப் பெண்ணின் கழுத்தில் வியர்வை மின்னுகிறது. உள்ளே அப்பா டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பில் சுவரோரம் சுருண்டு கிடக்கிறார். காப்பீட்டு அட்டை இருந்தும் போன மாத ஊசியை வெளியில் கைக்காசு போட்டுத்தான் வாங்கினோம். "அஞ்சு" என்கிறாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "உண்மையைச் சொல்லும்மா." "சும்மா இருடி. குறை சொல்லி அட்டையைப் பிடுங்கிட்டாங்கன்னா, உன் டிகிரியா வந்து அப்பாவுக்கு ரத்தம் சுத்தம் பண்ணும்?" இந்தப் பயத்தைத்தான் திருப்தி என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பெண் அஞ்சை எழுதிவிட்டு இருமுகிறாள். இருமல் நிற்கவே இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள். அம்மா தண்ணீரோடு ஓடிப்போய் அவள் முதுகை நீவிவிடுகிறாள். "டாக்டர்கிட்ட காட்டுனியா கண்ணு?" "எனக்கு அட்டை கிடையாதும்மா. தினக்கூலிதானே, வருமானச் சான்றிதழ் காட்ட முடியல, தகுதி இல்லைன்னுட்டாங்க." நீவிக்கொண்டிருந்த கை நிற்கிறது. "அந்த அஞ்சை அடிச்சிடு. உன்னைத் தெருவுல விட்ட திட்டத்துக்கு ஒண்ணே ஜாஸ்தி." சொல்லிவிட்டு, பயத்தோடு அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறாள். அவர் கண்ணைத் திறக்காமலே மெல்லத் தலையசைக்கிறார்.